செல்போன் டவர் செயலிழந்தால் என்ன செய்வது? புயல் நேரத்தில் கைகொடுக்கும் ஹாம் ரேடியோ.. வாங்கும் முன் தெரிய வேண்டியவை!

வங்கக்கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்ததுமே ஆரம்பாக்கம், நொச்சிக்குப்பம் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் மெசேஜ் பறக்க ஆரம்பித்துவிடும். எந்தப் படகு கரைக்கு வந்தது, யார் இன்னும் ஏரிக்குள் இருக்கிறார்கள், வலையை எடுத்தாச்சா இல்லையா என்று எல்லாமே செல்போனில்தான். காற்று பலமாகும் வரை இது சரி. கரண்ட் போய், டவரில் இருக்கும் பேட்டரியும் தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டு போகும் சாலையில் மரம் விழுந்து கிடக்கும்போதுதான் பிரச்னை ஆரம்பம். கையில் ஸ்மார்ட்போன் இருக்கும், சார்ஜ்கூட இருக்கும், ஆனா ஒரு கோடு சிக்னல் இருக்காது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்கே இந்த நிலைமை வந்தது. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோதும் செல்போன் சேவை பல இடங்களில் முடங்கியது. தலைநகருக்கே அப்படி என்றால், சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி, தமிழகத்தின் கடைசி ஊர்களில் ஒன்றாக ஆந்திர எல்லையில் இருக்கும் ஆரம்பாக்கத்துக்கு எப்படி இருக்கும்? ஒரு பக்கம் தேசிய நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் பழவேற்காடு ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா தீவு, அதற்கும் அப்பால் கடல். நெடுஞ்சாலையில் தண்ணீர் ஏறினால், வெளியே தகவல் சொல்ல வேறு வழி வேண்டும்.

அந்த வேறு வழிகளில் ஒன்றாகத்தான் சமூக வலைதளங்களில் 'ஹாம் ரேடியோ' என்ற கையடக்க வாக்கிடாக்கி பேசப்படுகிறது. டவர் வேண்டாம், சிம் வேண்டாம், மாத ரீசார்ஜ் வேண்டாம் என்று வீடியோக்கள் சொல்கின்றன. உண்மைதான். ஆனா அந்த வீடியோக்கள் சொல்லாமல் விடும் சில விஷயங்கள் இருக்கின்றன. அதில் முதலாவது, லைசென்ஸ் இல்லாமல் அதைக் கையில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம்.

ஹாம் ரேடியோ என்றால் என்ன?

அமெச்சூர் ரேடியோவுக்குத்தான் ஹாம் என்று பட்டப்பெயர். தொடக்கக் காலத்தில் அரைகுறையாகத் தந்தி அடிப்பவர்களைக் கிண்டல் செய்ய வந்த சொல் அது. பிறகு அவர்களே பெருமையாக வைத்துக்கொண்டார்கள். 'அமெச்சூர்' என்ற சொல்லுக்கு மூலத்தில் 'விரும்பிச் செய்பவர்' என்று பொருள். காசு வாங்காமல், விருப்பத்துக்காக வானொலி அலையில் பேசுபவர்கள். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி ஒரு ஹாம். அவருடைய கால் சைன் 'வி.யு.2 ஆர்.ஜி.'.

கால் சைன் என்பது வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. இந்தியாவில் பொதுவாக வி.யு.2, வி.யு.3 என்று தொடங்கும். பேசும் ஒவ்வொருவரும் அதைச் சொல்லித்தான் பேச வேண்டும். மறைந்திருந்து பேசும் வேலை இங்கே கிடையாது.

பேரிடரில் இது எவ்வளவு பயன்பட்டது என்பதற்கு 2004 சுனாமியைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். டெல்லியைச் சேர்ந்த ஹாம் பாரதி பிரசாத், கால் சைன் வி.யு.2 ஆர்.பி.ஐ., அந்த டிசம்பரில் தன் குழுவினருடன் அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தார். உலகெங்கும் உள்ள ஹாம்களுடன் பேசுவதற்காகப் போன பொழுதுபோக்குப் பயணம் அது. டிசம்பர் 26 காலை நிலம் குலுங்கியது, தொலைபேசிகள் செத்தன. அவர் அமைத்திருந்த நிலையம் சில மணி நேரத்தில் அவசரத் தகவல் மையமாக மாறியது. அந்தமானில் சிக்கியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி பல குடும்பங்களுக்கு அந்த அலைவழியேதான் போய்ச் சேர்ந்தது.

அதே நாட்களில் இலங்கையில், அந்நாட்டு ரேடியோ சங்கத்தைச் சேர்ந்த விக்டர் குணதிலக்கவும் சக ஹாம்களும் சுனாமி புரட்டிப்போட்ட ஹம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலை வானொலித் தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். போர்ட் பிளேரிலும் ஹம்பாந்தோட்டையிலும் வேலை செய்தது கையடக்கக் கருவி அல்ல, எச்.எஃப். எனப்படும் சிற்றலைக் கருவி. அந்த அலைகள் வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கி.மீ. போகும். கைக்குள் அடங்கும் கருவி வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். அலைகளில் வேலை செய்கிறது. அது நேர்க்கோட்டில்தான் போகும். அதை வாங்கி வைத்துவிட்டு டெல்லியோடு பேசலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பக்கத்து ஊரோடு, தாலுகா ஆபீஸோடு பேசலாம். பேரிடரின் முதல் நாளில் தேவைப்படுவதும் பெரும்பாலும் அதுதானே.

ஏரி அக்கரையும் ஹாம் ரேடியோவும்

ஆரம்பாக்கத்துக்கும் ஹாம் ரேடியோவுக்கும் ஒரு மறந்துபோன தொடர்பு உண்டு. ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காடு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். அது அவர்களுக்குப் பழகிப்போனது. அப்படி ஏவப்பட்டவற்றில் ஒன்று, 2005 மே 5-ம் தேதி பி.எஸ்.எல்.வி. சி-6 ராக்கெட் ஏற்றிப்போன 'ஹாம்சாட்'. 42.5 கிலோ எடை. ஹாம்கள் பேசிக்கொள்வதற்கென்றே இஸ்ரோ செய்த செயற்கைக்கோள். தரையிலிருந்து 435 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வரும் குரலை வாங்கி 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் திருப்பி அனுப்பும். 2014 வரை, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. ஏரிக்கு அக்கரையிலிருந்து கிளம்பிய அந்தக் குரல் இக்கரைக் குப்பங்களுக்கு எட்டவே இல்லை என்பதுதான் வருத்தம்.

எவ்வளவு தூரம் பேசலாம்?

கடைக்காரர் '20 கி.மீ. பேசலாம்ங்க' என்பார். பெட்டியிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கும். உண்மையில் தூரத்தை முடிவு செய்வது கருவியின் விலையோ வாட்டோ அல்ல; ஆன்டெனாவின் உயரம்.

எளிய கணக்கு இருக்கிறது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தைக் கண்டுபிடிக்கவும். எதிர்முனைக்கும் அதே மாதிரி. இரண்டையும் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால், தடை இல்லாத சமவெளியில் கிடைக்கும் அதிகபட்ச தூரம் கி.மீ.-இல் வரும். கரையில் ஒருவர், எதிர்க்கரையில் ஒருவர், இருவர் கையிலும் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கருவி என்றால் கிடைப்பது 10 கி.மீ. ஏரியின் திறந்த நீர்ப்பரப்பு என்பதால் இந்த அளவாவது கிடைக்கும். ஊருக்குள், மரங்களுக்கும் வீடுகளுக்கும் நடுவில் இரண்டு மூன்று கி.மீ. கிடைத்தாலே பெரிய விஷயம்.

இப்போது கருவியை அப்படியே வைத்துவிட்டு, ஆன்டெனாவை மட்டும் 9 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுங்கள். அதாவது 30 அடி. பள்ளிக்கூடத்து மாடியில் ஒரு இரும்புக் குழாய் நட்டால் போதும். எதிர்முனையிலும் அதே உயரம் என்றால் கணக்குப்படி ஏறக்குறைய 25 கி.மீ. ஆரம்பாக்கத்திலிருந்து தாலுகா தலைநகரான கும்மிடிப்பூண்டி இந்த வட்டத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. இடையில் கட்டடம், தொழிற்பேட்டை என்று தடைகள் இருப்பதால் முழுக் கணக்கும் கிடைக்காது, ஆனா கையில் பிடித்துப் பேசுவதோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

உயரத்தில் ரிப்பீட்டர் இருந்தால் கதையே வேறு. ஒரு அலைவரிசையில் குரலை வாங்கி, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும் நிலையம்தான் ரிப்பீட்டர். ஆனால் அதற்கும் கரண்ட் வேண்டும், அதன் கோபுரமும் காற்றில் நிற்க வேண்டும். அதனால் ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும் 'சிம்ப்ளெக்ஸ்' முறையையும் பழகி வைத்திருப்பது முக்கியம்.

செட் பண்ணுவது எப்படி?

லைசென்ஸ் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி வந்ததும் பலரும் செய்யும் முதல் தவறு, ஆன்டெனாவைத் திருகாமலே பேசும் பட்டனை அழுத்திப் பார்ப்பது. போக வழியில்லாத சக்தி கருவிக்குள்ளேயே திரும்பி, பாகங்களைக் கருக்கிவிட வாய்ப்பு உண்டு. முதலில் ஆன்டெனா, பிறகு முழு சார்ஜ், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

இந்தியாவில் ஹாம்களுக்கான அலைவரிசை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையும், 434 முதல் 438 வரையும். மலிவான சீனக் கருவிகள் இதற்கு வெளியேயும் அனுப்பும். போலீஸ், கடல்சார் சேவை என்று யாருடைய அலைவரிசையிலும் தெரியாமல் நுழைந்துவிட முடியும். அதனால் உங்களுக்கு அனுமதி உள்ள அலைவரிசைகளை மட்டும் 1, 2, 3 என்று மெமரி சேனல்களில் பதிந்து, கீபேடை லாக் செய்து வைப்பதே நல்லது. இருட்டில், மழையில், நடுங்கும் கையால் நம்பர் அழுத்தும் வேலை இருக்கக் கூடாது. அவசரத்தில் வீட்டில் இருக்கும் லைசென்ஸ் பெற்ற இன்னொருவர் எடுத்தாலும் 'ஒன்றாம் நம்பரில் போடு' என்றால் புரிய வேண்டும்.

ரிப்பீட்டரைப் பதியும்போது இரண்டு தகவல் கூடுதலாக வேண்டும். ஒன்று, ஆஃப்செட். நீங்கள் கேட்கும் அலைவரிசைக்கும் அனுப்பும் அலைவரிசைக்கும் உள்ள இடைவெளி. 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். இன்னொன்று டோன். காதுக்குத் தெரியாத மெல்லிய ஒலி அது; ரிப்பீட்டருக்குக் கதவைத் திறக்கும் சாவி. டோன் தப்பாக இருந்தால் மற்றவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது யாருக்கும் போகாது. புதியவர்கள் கருவியே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஸ்க்வெல்ச் என்ற அமைப்பு, சிக்னல் இல்லாதபோது வரும் இரைச்சலை அடக்கும். இதை ரொம்பக் கூட்டி வைத்தால் தூரத்திலிருந்து வரும் பலவீனமான குரலும் சேர்ந்து அடங்கிவிடும். புயல் நேரத்தில் கொஞ்சம் இரைச்சல் பரவாயில்லை என்று குறைத்து வைப்பதே சரி. குரல் கேட்டால் தானாகப் பேச ஆரம்பிக்கும் 'வாக்ஸ்' வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் காற்றுச் சத்தத்துக்கே கருவி ஒலிபரப்ப ஆரம்பித்து அலைவரிசையை அடைத்துக்கொள்ளும்.

கருவியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா ஒப்புக்குத்தான். செலவே இல்லாமல் அதைக் கொஞ்சம் மேம்படுத்த ஹாம்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு: சுமார் 49 செ.மீ. நீளத்துக்கு ஒரு சாதாரண வயரை வெட்டி, ஆன்டெனாவின் அடிப்பகுதி உலோக வளையத்தோடு தொடும்படி இணைத்து வால் மாதிரித் தொங்கவிடுவது. 49 செ.மீ. எப்படி வந்தது என்றால், 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர், அதில் கால் பங்கு. சிக்னல் தெளிவாக மாறுவதைக் காதாலேயே கேட்கலாம்.

மாடியில் ஆன்டெனா வைப்பவர்கள் கேபிளைக் கவனிக்க வேண்டும். ஆர்.ஜி.-58 என்ற மெல்லிய கேபிளில் 10 மீட்டருக்குள்ளேயே அனுப்பும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். தடிமனான கேபிளாக வாங்குவது, நீளத்தைக் குறைப்பது என இரண்டுமே நல்லது. இடி மின்னல் நேரத்தில் அந்தக் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். இதில் சமரசமே கூடாது.

பேட்டரிதான் உயிர்

1800 மில்லி ஆம்பியர் பேட்டரி உள்ள கருவி, 5 வாட்டில் பேசும்போது ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். விடாமல் பேசினால் ஒரு மணி நேரம் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்தால் பல மணி நேரம் வரும். அதனால் குறைந்த சக்தியில் எதிர்முனைக்குக் கேட்கிறதென்றால் அதிலேயே பேச வேண்டும். 'ஒவ்வொரு மணிக்கும் முதல் 5 நிமிடம் மட்டும் கருவி ஆன்' என்று முன்கூட்டியே ஊர்களுக்கிடையே பேசி வைத்துக்கொண்டால் ஒரே பேட்டரியை இரண்டு மூன்று நாள் இழுக்கலாம். கூடுதலாக ஒரு பேட்டரியும், பைக் பேட்டரியிலோ சோலார் பேனலிலோ சார்ஜ் ஏற்றும் வயரும் இருந்தால் கவலை குறையும். ஏரிக்கரையின் உப்புக் காற்று சார்ஜிங் முனைகளை அரித்துவிடும். ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்து, சார்ஜ் பார்த்து, ஒருமுறை பேசிப் பார்ப்பது அவசியம். மூன்று வருஷம் பரணில் கிடந்த கருவி புயலன்று வேலை செய்யும் என்று நம்பக் கூடாது.

பேசுவதற்கும் 'பாடு' உண்டு

பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்க 'பாடு' என்ற பழைய முறை இருக்கிறது. எந்த நாள், எந்த இடம், யார் முறை என்று ஊரே பேசி வைத்துக்கொள்வது. அடுத்தவர் பாட்டில் போய் வலை போட மாட்டார்கள். ஹாம் ரேடியோவும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் ஒன்றாக அழுத்தினால் இருவர் சொல்வதும் போகாது. பேரிடர் நேரத்தில் ஒருவர் 'நெட் கண்ட்ரோல்' ஆக இருந்து, யார் முதலில், யார் அடுத்து என்று முறை போட்டுக் கொடுப்பார். அவர் கூப்பிடாமல் பேசக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இடைவெளி பார்த்து 'எமர்ஜென்சி' என்று சொல்லி உள்ளே வரலாம். உடனே மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

பட்டனை அழுத்தியதும் பேசிவிடக் கூடாது. ஒரு நொடி பொறுக்க வேண்டும், இல்லையென்றால் முதல் வார்த்தை வெட்டுப்படும். மைக்கை வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளிப் பிடித்து, கத்தாமல், வழக்கமான குரலில் பேசினாலே போதும். காற்றடித்தால் முதுகைக் காட்டி நின்று பேசுவது நல்லது.

என்ன சொல்வது? 'ஐயா, இங்க ரொம்ப மோசமா இருக்கு, சீக்கிரம் வாங்க' என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் ஒன்றும் செய்ய முடியாது. உதாரணத்துக்கு, இப்படிச் சொன்னால் வேலை நடக்கும்:

"எமர்ஜென்சி. இது ஆரம்பாக்கம் பள்ளிக்கூட முகாம். நேரம் இரவு ஒன்பது பத்து. இங்கே நாற்பது பேர், நான்கு சுழியம் பேர். ஒரு கர்ப்பிணிக்கு வலி எடுத்திருக்கிறது. ஆம்புலன்ஸ் வேண்டும். ஊர் உள்சாலையில் முழங்கால் தண்ணீர், பெரிய வண்டி வரும். ஓவர்."

தொடக்கத்திலும் முடிவிலும் கால் சைன். எண்களை ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்வது, இரைச்சலில் நாற்பது நானூறாகக் கேட்காமல் இருக்க. எதிர்முனையில் இருப்பவர் செய்தியை எழுதிக்கொண்டு திரும்ப வாசிப்பார்; அது சரி என்று உறுதி செய்த பிறகே முடிக்க வேண்டும். கருவியோடு ஒரு பென்சிலும் நோட்டும் கட்டாயம். மழையில் பேனா எழுதாது.

படகுக்கு இது போதுமா?

போதாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையும் கப்பல்களும் கேட்டுக்கொண்டிருப்பது கடல்சார் வி.எச்.எஃப். கருவியின் 16-ம் சேனலை, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸை. ஹாம் அலைவரிசையை அவர்கள் காத்திருந்து கேட்பதில்லை. கடலுக்குள் போகும் படகில் இருக்க வேண்டியது கடல்சார் கருவியும், பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே இருப்பிடத்தைச் சொல்லும் 'டாட்' கருவியும்தான். ஹாம் ரேடியோவின் இடம் கரை: முகாம், பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம். நடுக்கடலில் உயிர் போகும் நிலையில், கையில் எந்தக் கருவி இருந்தாலும் எந்த வழியிலும் உதவி கேட்கலாம் என்று சர்வதேச வானொலி விதிகளே அனுமதிக்கின்றன. ஆனால் அது ஆபத்துக்கான விலக்கு. தினசரி அரட்டைக்கான அனுமதி இல்லை.

செல்போன் சிக்னல் இருக்கும்வரை கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077.

லைசென்ஸ் வாங்குவது எப்படி?

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவுதான் தேர்வு நடத்தி லைசென்ஸ் தருகிறது. 'சரள் சஞ்சார்' இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 12 வயது நிரம்பியிருந்தால் போதும். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலைகள். ஜெனரலுக்கு மோர்ஸ் தந்தி நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் தெரிந்திருக்க வேண்டும்; ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ் கிடையாது. கையடக்கக் கருவியில் பேச அதுவே போதும். கேள்விகள் பள்ளி இயற்பியல் அளவிலான மின்னியலும் வானொலி விதிகளும்தான். பிளஸ் டூ படித்த பிள்ளைகள் உட்கார்ந்து படித்தால் எழுதிவிடலாம். சென்னையில் பெருங்குடியில் மத்திய அரசின் அலைவரிசைக் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி போன்ற சங்கங்களில் வழிகாட்டுபவர்களும் இருக்கிறார்கள். விண்ணப்பதாரரின் பின்னணி சரிபார்ப்பு முடிந்து லைசென்ஸ் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அக்டோபரில் ஆரம்பித்தால் அந்த மழைக்காலத்துக்கு உதவாது, கோடையிலேயே ஆரம்பிக்கணும்.

'அதுவரைக்கும் ஆன்லைனில் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமே?' என்றால், கூடாது. உரிய அனுமதி விவரம் இல்லாமல் வாக்கிடாக்கிகளை விற்றதாக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய ஆன்லைன் நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே மாதம் விற்பனைக்கான வழிகாட்டு விதிகளும் வந்தன. ஏரிக்கு அக்கரையில் ராக்கெட் ஏவுதளம், பக்கத்தில் மாநில எல்லை. இப்படி ஓர் இடத்தில் லைசென்ஸ் இல்லாத கருவியோடு பிடிபடுவது, உதவி செய்யப் போய் வம்பில் மாட்டிக்கொள்வதாகத்தான் முடியும்.

லைசென்ஸ் இல்லாமலே பேச விரும்புபவர்களுக்குச் சட்டம் ஒரு சின்ன சன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்தி வாக்கிடாக்கிகளுக்கு, உரிய சான்று பெற்ற கருவியாக இருந்தால், லைசென்ஸ் வேண்டாம். ஆன்டெனாவை மாற்ற முடியாது, தூரமும் குறைவு. ஆனால் ஒரு குப்பத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, முகாமிலிருந்து படகுத்துறைக்குப் பேச அது போதும். ஊருக்கு இரண்டு பேர் ஹாம் தேர்வு எழுதி வெளியூருடன் பேச, மற்றவர்கள் இந்தச் சின்னக் கருவிகளில் ஊருக்குள் பேசிக்கொள்ள என்று பிரித்துக்கொண்டால் செலவும் தாங்கும். இதை ஒருவர் தனியாகச் செய்வதைவிட மீனவர் கூட்டுறவுச் சங்கமோ ஊராட்சியோ எடுத்துச் செய்வது எளிது. தேர்வுக்கு யார் யார் போவது என்பதை மட்டும் ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.